அவசரம் இல்ல, கன்னி

உப்பில்லா சாம்பார் என்பது அந்த வாட்ஸ்அப் குரூப்பின் பெயர். திருப்பதியில் டிகிரி படித்தபோது ஹாஸ்டலில் ஒரே அறையில் கிடந்த நான்கு பெண்கள் அதில் இருந்தார்கள். படிப்பு முடிந்து ஆளுக்கொரு திக்கில் போனபிறகும் குரூப் சாகாமல் இருந்ததற்குக் காரணம் பாட்டு. தினமும் சாயங்காலம் ஒருத்தி தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட வேண்டும். அதைக் கேட்டால் என்ன ஞாபகம் வருகிறது என்று கீழே நாலு வரி எழுத வேண்டும். "இன்னிக்கு யாரு வாசல் தெளிக்கற முறை?" என்று கேட்டால், யார் பாட்டுப் போடப்போகிறாள் என்று அர்த்தம்.

பலமனேர் பவ்யா தெலுங்கு மெலடி போடுவாள். துர்காதேவி சாமி பாட்டைத் தவிர வேறு போட்டதில்லை. அவள் எழுதும் ஞாபகமும் எப்போதும் ஒன்றுதான், கணக்கில் தோற்று, சப்ளி எழுதிப் பாஸான கதை. ரோஜா பழைய பாட்டாகத் தேடி எடுப்பாள், நடுவில் வீணை வந்துவிட்டால் போதும் அவளுக்கு. கன்னிகா போடுவதெல்லாம் குத்துப்பாட்டு. "எனக்கு ஞாபகம்லாம் ஒண்ணும் வரல, காலுதான் ஆடுது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவாள். பாட்டுக்கு நடுவே சேதிகள் வரும். பவ்யா பி.எட். சேர்ந்தது, துர்காதேவிக்கு மாப்பிள்ளை பார்ப்பது, சித்தூரில் வாழ்க்கைப்பட்ட ரோஜா முழுகாமல் இருப்பது, எல்லாம் அந்தக் குரூப்பில்தான் முதலில் தெரியும். பெற்றவர்களுக்கே அப்புறம்தான்.

கன்னிகா, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் பவர்லூம் ஓட்டும் நாகபூஷணத்தின் மகள். அந்த வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். முதல் ஆள் என்றால் ஏதோ மாலை போட்டு நிற்க வைத்ததாக ஊர் நினைத்துக்கொள்கிறது. அவள் தலையில் இருந்தது மாலை இல்லை, மூட்டை. ஆதார் கார்டில் பேர் தப்பா, கன்னிகாவைக் கூப்பிடு. ஊர் சச்சிவாலய ஆபீஸில் மனு எழுத வேண்டுமா, கன்னிகாவைக் கூப்பிடு. காரியம் முடிந்ததும், "இத்தினி படிச்சி இன்னா, வாயி மட்டும் கொறையல" என்பார்கள். "படிச்சதாலதான் வாயி" என்று இவளும் விடமாட்டாள். ரேணிகுண்டா ரோட்டில் போனுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், ஸ்டோர்ஸில் வேலை. திருப்பதியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ஜாகை.

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவள் அவள். தமிழ் எழுத்தைச் சினிமா போஸ்டரிலும் பஸ் போர்டிலும் தானாகக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டாள். குரூப்பில் அந்த வம்பே இல்லை. எல்லாரும் இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பார்கள். ஒரு வரி தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவள் ரோஜா ஒருத்திதான். திருத்தணிக்காரி.

ஹாஸ்டலுக்கு வந்த புதிதில் ரோஜாவுக்குத் தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாது. போர்வைக்குள் படுத்து அழுதுகொண்டே இருப்பாள். அழுகைச் சத்தம் கன்னிகாவுக்கு ஆகாது. நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் எழுந்துபோய் ரோஜாவின் கட்டிலில் உட்கார்ந்து, "ஏம்மே, நிறுத்தறியா இல்லியா? குழந்த மாதிரி அழுதுக்கினு. தாலாட்டு பாடணுமா உனக்கு?" என்றாள். அழுகை நிற்கவில்லை. சரி என்று பாடியே விட்டாள். மெட்டும் அவளே, சொல்லும் அவளே.

தூங்கு கண்ணு தூங்கு, வார்டன் வருது பாரு.
தூங்காத புள்ளைக்கு ரெண்டு இட்லி தரும் பாரு.
இட்லியத் துன்ன புள்ள கல்லாப் போச்சு பாரு.

இதுவரை சரியாக வந்தது. நாலாவது வரிக்கு அவளுக்கு எதுவும் அகப்படவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி முடித்தாள். அந்தக் கடைசி வரி மெட்டோடும் ஒட்டாது, 'பாரு'வும் அதில் கிடையாது. அதனால் அது யாருக்கும் நினைவில் நிற்காது. போர்வைக்குள்ளிருந்து ரோஜா சிரித்தாள். அன்றிலிருந்து மூன்று வருஷம், பரீட்சைக்கு முந்தின நாளும் காய்ச்சல் வந்த நாளும், "கன்னி, இட்லிப் பாட்டு பாடு" என்பாள். கடைசி வரி வரும்போது மட்டும் வாயைத் திறந்துகொண்டு கன்னிகாவின் முகத்தைப் பார்ப்பாள்.

தை மாசத்தில் ஒரு காலை பவ்யா குரூப்பில் ஒரே வரி போட்டாள். "ரோஜா பேபி போயிந்தி."

தெலுங்கில் கரண்ட் போனாலும் போயிந்திதான், வேலை போனாலும் போயிந்திதான். கன்னிகா கம்பெனி கேன்டீனில் உப்புமாத் தட்டோடு நின்றிருந்தாள். முதலில் அவளுக்கு அர்த்தமே ஏறவில்லை. எட்டாம் மாசம். துடிப்பு உள்ளேயே நின்றுவிட்டதாம். சித்தூரிலிருந்து திருப்பதிக்குக் கொண்டுவந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வலி வரவைத்துப் பிரசவம் பார்த்துத்தான் எடுத்தார்களாம். பொம்பளைப் பிள்ளை.

துர்காதேவி கும்பிடும் கைப்படம் போட்டாள். அழுகிற மூஞ்சி ஒன்றும் போட்டாள். கன்னிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பர்த்டேவுக்கும் அதே கை, பிள்ளை செத்ததற்கும் அதே கையா? ஏதோ அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள், அழித்தாள். கடைசியில், "ரோஜா, நான் வரட்டுமா? லீவு போடறேன்" என்று போட்டாள். அவள் ஹாஸ்டலுக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு ஷேர் ஆட்டோ தூரம்தான். கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து எதையும் கேட்டுக்கொண்டு செய்வது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. பாத்ரூம் போகக்கூட அங்கே சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மதியம் ரோஜாவிடமிருந்து பதில் வந்தது.

"அவசரம் இல்ல, கன்னி."

நகரியில் கன்னிகாவின் வீட்டில் அவசரம் என்றால் தேவை. தெலுங்கில் அப்படித்தான், தெலுங்கோடு கலந்து கிடக்கும் அந்தத் தமிழிலும் அப்படித்தான். சீக்கிரம் வேண்டுமென்றால் 'அர்ஜெண்டு' என்பார்கள். ரோஜாவின் வரியைக் கன்னிகா, 'தேவையில்லை' என்று படித்தாள்.

அந்தச் சொல் அவளுக்குப் புதிதும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் அவள் மாமன் தணிகாசலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "பொட்டப் புள்ளைக்கு காலேஜு அவசரம் இல்ல நாகபூஷணம்" என்றான். அவள் நைனா தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அந்த மாமனை வாசல் வரை விரட்டிப் பேசியவள் கன்னிகா. இந்தப் பிள்ளைக்கு இது வேண்டாம், அது வேண்டாம் என்று ஊரெல்லாம் சொன்ன அதே சொல்லை இப்போது ரோஜா சொல்கிறாள். அதுவும் நாலு பேர் பார்க்கும் குரூப்பில்.

'சரி. தேவையில்லன்னா போ' என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். லீவு போடவில்லை.

அன்று சாயங்காலம் ரோஜா குரூப்பில் ஒரு வாய்ஸ் நோட் போட்டாள். அவள் முறைகூட இல்லை அன்றைக்கு. கன்னிகா அதைப் பார்த்தாள், தொடவில்லை. நான் வரத் தேவையில்லை, ஊருக்கெல்லாம் சொல்ல மட்டும் வாய் இருக்கிறதா என்று கோபம் வந்தது அவளுக்கு. மறுநாளும் தொடவில்லை. ஒரு வாரம் போனபிறகு தொடக் கூச்சமாக இருந்தது.

வாய்ஸ் நோட்டின் பக்கத்தில் சின்னதாக ஒரு மைக் படம் இருக்கும். அனுப்பியவளின் போனில் அது சாம்பல் நிறத்தில் கிடக்கும். குரூப்பில் எல்லாரும் கேட்டு முடித்தால் நீலமாகும். ஒருத்தி பாக்கி இருந்தாலும் ஆகாது. கன்னிகாவுக்கு இது தெரியும். தெரிந்துதான் தொடாமல் இருந்தாள்.

பவ்யா தனியாகக் கேட்டாள், "வாய்ஸ் நோட்டு வின்னாவா?" "கேக்கறேன்" என்றாள். நகரிக்குப் போனபோது அவள் நைனா, "அந்தத் திருத்தணிப் பொண்ணப் போயி பாத்தியாம்மா?" என்றார். "அவளுக்குத்தான் வீட்டுக்காரன், மாமியார்னு ஆள் இருக்குதே, நான் எதுக்கு நைனா?" என்று எரிந்து விழுந்தாள். குரூப்பில் பாட்டு வருவது குறைந்தது. ரோஜா போடுவதே இல்லை. உகாதிக்குத் துர்காதேவி ஒரு சாமி பாட்டு போட்டாள், அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சித்திரை பிறந்தபிறகுதான் சலீம் வந்து அவள் தலையில் கல்லைப் போட்டான்.

சலீம் அரக்கோணத்துப் பையன். தினமும் ரயிலில் ரேணிகுண்டாவுக்கு வந்து போகிறவன். ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்திருந்தான். வாரத் தொடக்கத்தில் கன்னிகா அவனிடம் பழைய கேபிள் ஸ்டாக் ரிப்போர்ட் கேட்டிருந்தாள். அப்புறம் மேனேஜர் வேண்டாம் என்றுவிட்டதால், "அந்த ரிப்போர்ட் அவசரம் இல்ல சலீம்" என்று சொல்லியும் விட்டாள். வெள்ளிக்கிழமை சலீம் ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்து நின்றான். முகமெல்லாம் பெருமை.

"ரிப்போர்ட் ரெடி மேடம்."

"எந்த ரிப்போர்ட்?"

"கேபிள் ஸ்டாக்கு. கோடவுனுக்குள்ள போயி ஒவ்வொரு பெட்டியா ஒடச்சிப் பாத்தேன். உள்ள எலி குடும்பமே நடத்திக்கினு இருக்கு மேடம், அத்த மட்டும்தான் எழுதல."

"அவசரம் இல்லன்னு சொன்னேன் இல்ல? எதுக்கு செஞ்ச?"

"அவசரம் இல்லன்னீங்க. அதான் நிதானமா செஞ்சேன்."

"வாணாம்னு சொன்னா நிதானமா செய்வியா? உனக்கு காது கேக்குதா இல்லியா?"

சலீமின் பெருமை வடிந்தது. "வாணாம்னு எப்ப மேடம் சொன்னீங்க?"

"அவசரம் இல்லன்னா வாணாம்னுதான அர்த்தம்!"

"எந்த ஊர்ல மேடம்?" என்றான் அவன். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். "எங்க ஊர்ல அவசரம் இல்லன்னா மெதுவா செய்யின்னு அர்த்தம். ஆனா செய்யணும்."

கன்னிகா அவனைத் திட்டத் திறந்த வாயோடு நின்றாள்.

"சினிமாலகூட அப்டித்தான வருது மேடம்? அவசரம்னா ஓடுவாங்க."

சினிமாவில் அவசரம் என்றால் ஓடுவார்கள் என்பது அவளுக்கும் தெரியும்தான். தெரிந்த சொல்தான். ஆனால் 'அவசரம் இல்ல' என்று சேர்ந்து வந்தால் அவள் காதில் 'அவசரம் லேது' என்றுதான் விழும், மாமன் குரலில் விழும்.

"திருத்தணில?" என்று கேட்டாள்.

"திருத்தணி இன்னா மேடம், எங்களுக்குப் பக்கத்து ஊரு. அங்கயும் அதான்."

அவள் ரிப்போர்ட்டை வாங்கி மேஜைமேல் வைத்தாள். "நல்லா செஞ்சிருக்க, போ" என்றாள். அவள் யாரிடமும் அப்படிச் சொல்லிக் கேட்டறியாத சலீம் பயந்துபோய் நகர்ந்தான்.

சாயங்காலம் ஹாஸ்டல் மாடியில் நின்று பவ்யாவுக்குப் போன் போட்டாள். "பவ்யா, அன்னிக்கு ரோஜா அவசரம் இல்லன்னு போட்டா இல்ல, நீ அத எப்டி எடுத்துக்கின?"

"எப்டி எடுத்துக்கறது? அக்கர லேதுன்னுதான். தேவையில்லன்னு. எந்துக்கு கேக்கற?"

"நானும் அப்டித்தான் எடுத்துக்கினேன். ஆனா அவ அத சொல்லல பவ்யா."

"இத எனக்கு ஏன் செப்புற? அவளண்ட செப்பு," என்றாள் பவ்யா. "நுவ்வு அந்த வாய்ஸ் நோட்டுகூட இன்னும் கேக்கல கதா."

கன்னிகா போனை வைத்துவிட்டு அந்த வாய்ஸ் நோட்டை எடுத்தாள். விரல் அதன்மேல் வந்து நின்றது. இத்தனை மாசம் கேட்காததை இப்போது மாடியில் கொடிக்கயிற்றுக்கு நடுவே நின்று கேட்டுவிட்டால், கேட்டாயிற்று, இனி போக வேண்டாம் என்று ஆகிவிடும். முதலில் அவள் முகத்தைப் பார்க்கிறேன், அப்புறம் குரலைக் கேட்டுக்கொள்கிறேன் என்று நினைத்தாள். இந்த முறை வரட்டுமா என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சித்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

கதவைத் திறந்தது ரோஜாவின் மாமியார் கமலம்மா. "எவரும்மா?" என்றாள்.

"ரோஜாவோட ஃபிரெண்டும்மா. கன்னிகா."

"ஓ. நீதானா அது" என்று வழி விட்டாள். அந்த 'அது'வில் எல்லாம் இருந்தது.

ரோஜா உள் அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் நாகேந்திரன் பால் டேங்கர் ஓட்டுகிறவன். அவனுடைய காக்கிச் சட்டைகள் கட்டிலில் குவிந்திருந்தன. ரோஜா இளைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி சட்டையின்மேல் குனிந்துகொண்டாள். உத்தரத்தில் தூளி மாட்ட அடித்த கொக்கியில் யாரோ ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"எப்டி இருக்க?" என்றாள் கன்னிகா.

"இருக்கேன்."

கன்னிகாவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "நீ அன்னிக்கு அவசரம் இல்லன்னு போட்ட. நான் அத தப்பாப் புரிஞ்சிக்கினேன். எங்க ஊர்ல அவசரம்னா தேவைன்னு அர்த்தம் ரோஜா. நான் வரத் தேவையில்லன்னு நீ சொல்றதா நெனச்சேன். நேத்து முந்தாநாள்தான் தெரிஞ்சிச்சி. மெதுவா வான்னுதான நீ சொன்ன?"

ரோஜா தண்ணீர் தெளித்துப் பெட்டியை அழுத்தினாள். சட்டையிலிருந்து ஆவி வந்தது. அப்புறம் சிரித்தாள். சிரிப்பென்றால் மூக்கில் வருகிற காற்று, அவ்வளவுதான்.

"இத சொல்லத்தான் பஸ் ஏறி வந்தியா?"

"ஒரு வார்த்த, ரோஜா. ஒரே வார்த்தையால—"

"மெதுவா வான்னுதான் சொன்னேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வர நேரம், வேலைக்குப் போறவ, சாயங்காலமா வரட்டும்னு சொன்னேன். சரி, அது கெடக்கட்டும். தேவையில்லன்னே நான் சொன்னேன்னு வெச்சிக்கோ. பவ்யாவும் அப்டித்தான படிச்சிருப்பா? அவளும் தெலுங்குக்காரிதான."

கன்னிகா கட்டிலில் குவிந்திருந்த சட்டைகளைப் பார்த்தாள்.

"அவ வந்தாடி. பலமனேர்லருந்து ரெண்டு பஸ் மாறி வந்தா. வந்து ஒரு வார்த்த பேசல. என் கால அமுக்கிவுட்டுக்கினே உக்காந்துக்கினு இருந்தா. துர்கா வந்தா. வந்து, என்னவுட ஜாஸ்தியா அவதான் அழுதா, நர்ஸு அவள வெளிய அனுப்பிட்டாங்க. நீ அதே ஊர்ல இருந்த."

"தெரியும்."

"துக்கத்துக்கு யாராச்சும் வரட்டுமான்னு கேப்பாங்களா கன்னி? கல்யாணத்துக்குத்தான் கூப்புட்டாதான் வருவாங்க. இது உங்க நகரில வேற மாதிரியா?"

"இல்ல. அங்கயும் இப்டித்தான்."

"அப்ப ஏன் கேட்ட?"

இதற்கு பதில் பஸ்ஸில் வரும்போது அவளிடம் இல்லை. இப்போது வாயிலிருந்து தானாக வந்தது. "பயமா இருந்திச்சி. உன் மூஞ்சியப் பாத்து இன்னா பேசறதுன்னு தெரியல. நீ வரச் சொல்லிட்டா வந்துதான் ஆவணும். நீ அப்டி போட்டதும் கோவம் வந்துச்சி. கோவம் வந்ததும்..." நிறுத்தினாள். "நல்லதாப் போச்சின்னு இருந்திச்சி ரோஜா."

ரோஜா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முதல் தடவையாகக் கன்னிகாவை நேராகப் பார்த்தாள்.

"இதான் உண்ம. மொதல்லயே இத சொல்லாம பாஷ மேல பழியப் போட்டுக்கினு." அவள் குரல் உயரவில்லை. "உனக்கு எப்பவும் கோவம் ஒரு சௌகரியம் கன்னி. கோவம் இருந்தா வேற ஒண்ணும் செய்ய வாணாம் உனக்கு."

கமலம்மா இரண்டு தம்ளர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சோறு துன்னுட்டுப் போவட்டும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"அவளுக்கு பஸ் இருக்கு அத்த" என்றாள் ரோஜா.

காபி குடித்தார்கள். பக்கத்து வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ரோஜா மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள்.

"அந்த மைக்கு இன்னும் நீலம் ஆகல" என்றாள். "தெனம் பாப்பேன். மொதல்ல, கேட்டுட்டாளான்னு பாத்தேன். அப்புறம் பழக்கமாப் போச்சி. கண்ணு முழிச்சா போன எடுத்து அதத்தான் பாக்கறது."

"இப்பக் கேக்கட்டா?"

"என் எதிர்ல கேக்காத."

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து போக வேண்டும். மாசங்கள் ஆகிவிட்டன, இந்த வீட்டில் அந்த வழக்கமெல்லாம் முடிந்திருக்கும். ஆனால் கன்னிகாவுக்கு இன்றைக்குத்தான் முதல் நாள். தம்ளரைக் கீழே வைத்தாள். ரோஜாவின் கையைத் தொட நீட்டினாள். அந்தக் கை சட்டையின் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தது, விடவில்லை. கன்னிகா ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினாள். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

திருப்பதி பஸ்ஸில் மலைக்குப் போகிற கூட்டம். மஞ்சள் துணி, மூட்டைகள், கோவிந்தா போடுகிற சிறுசுகள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டியதும் கன்னிகா இயர்போனை மாட்டிக்கொண்டு அதை அழுத்தினாள்.

முதலில் வெறும் ஃபேன் சத்தம். யாரோ வாளியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அப்புறம் ரோஜாவின் குரல், பக்கத்தில் படுத்திருப்பவளிடம் பேசுவதுபோல. தூங்கு கண்ணு தூங்கு, வார்டன் வருது பாரு. இரண்டாவது வரி. மூன்றாவது வரி, இட்லியத் துன்ன புள்ள கல்லாப் போச்சு பாரு. அங்கே நின்றுவிட்டது. ஃபேன் சுற்றுகிறது. மூச்சு கேட்கிறது.

"கன்னி, அடுத்த வரி இன்னா? எனக்கு எப்பவும் அது மறந்துபோவுது. காலையிலேருந்து மண்டையில இதான் ஓடிக்கினு இருக்கு. அவள எடுத்துக்கினு போறதுக்கு மின்னாடி ஒரு தடவ மடில வெச்சாங்க. பாடலாம்னு பாத்தேன். இதுக்குமேல வரல." வாளி மறுபடி இழுபடுகிறது. "நீ வரும்போது சொல்லு. அவசரம் இல்ல."

அந்தக் குரலில் கேட்டிருந்தால் நகரிக்காரி என்ன, தெலுங்குக்காரிக்குக்கூட அதன் அர்த்தம் தெரிந்திருக்கும். மெதுவாக வா. ஆனால் வா. அழுத்தினால் போதும் என்று அது தை மாசத்திலிருந்து அவள் கையிலேயே கிடந்தது.

கன்னிகா அழவில்லை. அழுகைச் சத்தம் அவளுக்கு ஆகாது, தன்னுடையதும் ஆகாது. வெளியே மாந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. மரமெல்லாம் காய். முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் குரூப்பைத் திறந்து மைக்கை அழுத்திப் பிடித்தாள்.

பஸ்ஸின் இரைச்சலுக்குமேல் கேட்க வேண்டுமென்று உரக்கவே பாடினாள். முதல் வரியிலிருந்து பாடினாள். முன்சீட்டிலிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கல்லாப் போச்சு பாரு என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தினாள். இருமிவிட்டு, மெட்டோடு ஒட்டாத அந்தக் கடைசி வரியை, அன்றைக்கு ஹாஸ்டல் கட்டிலில் வாய்க்கு வந்தபடி சொல்லிவைத்ததை, இன்றைக்குத்தான் என்ன சொல்கிறோம் என்று தெரிந்து பாடினாள்.

கல்லாப் போனாலும் என் பக்கத்துலயே கெட.

விரலை எடுத்தாள். போய்விட்டது.

சித்தூரில் ரோஜாவின் போனில் அந்தப் பழைய மைக் இந்நேரம் நீலமாகியிருக்கும். கன்னிகாவின் போனில் புதிய மைக் சாம்பலாகக் கிடந்தது. சந்திரகிரி தாண்டும்போது யார் யார் கேட்டார்கள் என்று விரலை வைத்துப் பார்த்தாள். பவ்யா. துர்காதேவி. மூன்றாவது பெயர் இல்லை.

பவ்யா எதுவும் எழுதவில்லை. துர்காதேவி கும்பிடும் கையைப் போட்டிருந்தாள். இன்றைக்கு அதன்மேல் கோபம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குமுன் இன்னொரு தடவை பார்த்தாள். சாம்பல்தான். அவசரம் இல்ல என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள், திருத்தணித் தமிழில்.